தள்ளுபடி வேண்டாம் சார், பில்லைக் குடுங்க

எங்கப்பா காந்தி மார்க்கெட்ல கத்தரிக்காய் வாங்குறதை நீங்க பாக்கணும். ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பாத்து, காம்புக்குப் பக்கத்துல ஓட்டை இருக்கான்னு தடவி, தராசு முள்ளை முறைச்சு, அஞ்சு ரூபாய்க்காக ரெண்டு எட்டு நடந்து, கடைக்காரர் "சரி வாங்க சார்"னு கூப்புட்டப்புறம் திரும்பி வருவார். முப்பத்து நாலு வருஷம் சர்க்கார் உத்தியோகம். ஒரு ரூபாய் கணக்கு உதைச்சாலும் ராத்திரி தூக்கம் வராது.

அந்த மனுஷன் போன மாசம் திருச்சியில ஒரு கார் ஷோரூம்ல உக்காந்து, ஏசி காத்து, பேப்பர் கப்புல காபி, "அப்பா அப்பா"ன்னு வாய் நிறையக் கூப்புடற ஒரு பையன், இத்தனைக்கும் நடுவுல ஒன்பது லட்சத்துச் சொச்சத்துக்கு ஒரு கேள்வி கூடக் கேக்காம கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டார்.

கோவம் எனக்கு அப்பா மேல இல்லை. அந்தத் தாள் மேல. அதைப் பத்திதான் இந்தப் புலம்பல். நீளம் ஜாஸ்தி, ஆணி இல்லாத நேரத்துல படிங்க.

முதல்ல கதைச் சுருக்கம். வீடு ஸ்ரீரங்கம் உத்திர வீதி. தேருக்கு இருக்கற இடம் எங்க தெருவுல காருக்கு இல்லை. அதனாலயே இத்தனை நாள் கார் வாங்கலை. ஆனா அம்மாவுக்கு முட்டிவலி. ஒண்ணாம் நம்பர் பஸ் படியில ஏற முடியலை, ஆட்டோக்காரர் கேக்கற காசைக் குடுக்க அம்மாவுக்கு மனசு வரலை. அப்பாவோட ஓய்வுப் பணத்துல கொஞ்சம், என் சம்பளத்துல கொஞ்சம். கடன் வேண்டாம், ரொக்கமாவே வாங்கிடலாம்னு முடிவு. நான் சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு இருக்க, அப்பா மட்டும் போய் புக் பண்ணிட்டார். வண்டி பேரு, ஷோரூம் பேரு ரெண்டும் இங்க வராது. என் பிரச்சினை ஒரு ஷோரூமோட இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலைப் புடிச்சு, காலைல வீட்டுக்கு வந்து, காபி குடிச்சுக்கிட்டே அந்தக் கொட்டேஷனைப் பாத்தேன். கம்பெனி பேரு கிடையாது, சீல் கிடையாது, தேதி கிடையாது. வெள்ளைத் தாள்ல நீல பேனா. இதான் அது:

எக்ஸ்-ஷோரூம் - 7,50,000
ரெஜிஸ்ட்ரேஷன் அண்டு இதர - 1,14,000
இன்சூரன்ஸ் - 49,500
பேசிக் அக்சஸரீஸ் கிட் - 18,000
ஹேண்ட்லிங் - 7,500
பாடி கோட்டிங் - 6,500
ஃபாஸ்டேக் - 600
மொத்தம் - 9,46,100
ஸ்பெஷல் ஆஃபர் - 15,000 (ரெண்டு தடவை வட்டம் போட்டு!)
கட்ட வேண்டியது - 9,31,100

அப்பா முகத்துல அப்படி ஒரு பெருமை. "பதினஞ்சாயிரம் கொறைச்சிருக்கேன்டா. மொதல்ல பத்துதான் சொன்னான்."

நிற்க.

நம்ம ஊர்ல கார் வாங்குற யாரும் கேக்கற முதல் கேள்வி "எவ்வளவு டிஸ்கவுண்ட்?" சொந்தக்காரங்க கேக்கறதும் அதான், ஆபீஸ்ல கேக்கறதும் அதான். நான் சொல்றது, அதைவிடத் தப்பான கேள்வி வேற இல்லை. தள்ளுபடிங்கறது ஒரே ஒரு வரி. மீதி ஆறு வரியில என்ன நடக்குதுன்னு நாம பாக்காம இருக்கத்தான் அந்த ஒரு வரிக்கு ரெண்டு வட்டம்.

கொஞ்சம் படிச்சவங்க அடுத்ததா ஒண்ணு சொல்வாங்க. "டீலருக்கு கம்பெனி என்ன விலைக்குக் குடுக்குதுன்னு தெரிஞ்சா போதும், அதுக்கு மேல ஒரு ரெண்டாயிரம் வெச்சு பேரம் பேசிடலாம்." நானும் அப்படித்தான் நெனச்சேன். அமெரிக்காவுல அந்த விலை வெளியிலயே கிடைக்கும். அங்க எட்மண்ட்ஸ்னு ஒரு நிறுவனம் 1966-லேர்ந்து கார் விலை விவரங்களைப் புத்தகமாப் போட்டு வித்துது, அப்புறம் இணையத்துல போட்டுது. டீலர் இன்வாய்ஸ் என்ன, ஸ்டிக்கர் விலை என்னன்னு சாதாரண ஆளுக்கும் தெரியும். ஆனா அங்கயே ஒரு உள்குத்து உண்டு. 'ஹோல்ட்பேக்'னு பேரு. இன்வாய்ஸ்ல போட்ட தொகையில ஒரு பங்கை, பல கம்பெனிகள்ல ரெண்டு மூணு சதவீதம், கம்பெனி பின்னாடி டீலருக்கே திருப்பிக் குடுத்துடும். அதுக்கு மேல டார்கெட்டை எட்டினா ஊக்கத்தொகை தனி. ஆக, இன்வாய்ஸ் விலைக்கே வாங்கிட்டேன்னு குதிக்கற அமெரிக்கக்காரரும் டீலரோட உண்மையான அடக்க விலைக்கு வாங்கலை.

நம்ம ஊர்ல அந்த இன்வாய்ஸே கண்ணுல படாது. பட்டாலும் பெருசா பிரயோஜனம் இல்லை. ஏன்னா இங்க எக்ஸ்-ஷோரூம் விலையில டீலர் கை வெக்கறதை கம்பெனியே விரும்பறதில்லை. நான் கட்டி விடலை, இது இந்தியப் போட்டி ஆணையத்தோட உத்தரவுல இருக்கு. 2021 ஆகஸ்ட் 23-ஆம் தேதி ஆணையம் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் போட்டுது. குற்றச்சாட்டு என்ன? டீலர்கள் கம்பெனி சொன்னதுக்கு மேல தள்ளுபடி குடுக்கக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. குடுக்கறாங்களான்னு கண்டுபுடிக்க, நம்மள மாதிரியே வாடிக்கையாளர் வேஷத்துல ஆள் அனுப்பற ஏஜென்சிகள். மாட்டினா டீலர்ஷிப்புக்கு அபராதம், அங்க வேலை பாக்கறவங்களுக்கும் தனியா அபராதம். இதான் ஆணையம் சொன்னது. கம்பெனி இதை ஏத்துக்கலை. மேல்முறையீடு போய், 2021 நவம்பர்ல தீர்ப்பாயத்துல இடைக்காலத் தடை வாங்கிச்சு. அதுக்கு முன்னால, 2017 ஜூன்ல, இதே மாதிரி விஷயத்துக்கு ஹூண்டாய்க்கு 87 கோடி அபராதம் போட்டாங்க. 2018-ல தீர்ப்பாயம் அதை ரத்து பண்ணிடுச்சு. சட்டப்படி யார் சரி, யார் தப்புங்கறது இருக்கட்டும். எனக்கு உறைச்சது வேற.

டீலர் ஒரு ஆயிரம் ரூபாய் கூடத் தள்ளுபடி குடுக்கறாரான்னு பாக்க மாறுவேஷத்துல ஆள் போகும்னா, அதே டீலர் எங்கப்பாகிட்ட 'இதர'ன்னு எழுதி எத்தனை ஆயிரம் வாங்குறார்னு பாக்க ஏன் ஒரு ஆளும் போறதில்லை? குறைச்சு வித்தா குத்தம், கூட்டி வித்தா சாமர்த்தியமா?

இப்ப தாளுக்கு வருவோம். வரி வரியா.

முதல் வரி, எக்ஸ்-ஷோரூம். கம்பெனி சொன்ன விலை. ஜி.எஸ்.டி. உள்ள அடக்கம், டீலர் கமிஷனும் உள்ள அடக்கம். இதுல பிரச்சினை இல்லை. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து சின்ன காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்னு ஆச்சு (முன்ன 28, அதுக்கு மேல செஸ்). நாலு மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1200 சி.சி.க்குள்ள, டீசல்னா 1500 சி.சி.க்குள்ள. மத்த பெட்ரோல், டீசல் காரெல்லாம் 40 சதவீதம். அப்பா வாங்கினது சின்ன கார்தான்.

ரெண்டாவது வரி, 'ரெஜிஸ்ட்ரேஷன் அண்டு இதர'. இந்த 'அண்டு இதர'வுலதான் எல்லா திருட்டுத்தனமும் குடியிருக்கு. தமிழ்நாட்டுல ஆயுள் வரி 2023 நவம்பர்ல மாறிச்சு. 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5-லேர்ந்து 10 வரைக்கும் 13, 10-லேர்ந்து 20 வரைக்கும் 18, அதுக்கு மேல 20. அப்ப ஏழரை லட்சத்துக்கு 13 சதவீதம் 97,500. பதிவுக் கட்டணம் மத்திய மோட்டார் வாகன விதிப்படி சொந்த உபயோக காருக்கு எவ்வளவு தெரியுமா? 600 ரூபாய். ஆமா, அறுநூறு. ஸ்மார்ட் கார்டுக்கு 200. கடன்ல வாங்கினா அடமானக் குறிப்பு போட 1,500, எங்களுக்கு அது கிடையாது. சாலைப் பாதுகாப்பு வரி, தபால், அது இதுன்னு தாராளமா கூட்டினாலும் வரி போக ஐயாயிரத்தைத் தாண்டாது. ஆக 1,02,500. தாள்ல 1,14,000. பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய் எங்க போச்சு? பையனைக் கேட்டப்ப சொன்னான், "டி.என். 48 நம்பர் சார், ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ.ன்னா அலைச்சல் ஜாஸ்தி." திருச்சி மேற்குக்கு 45, கிழக்குக்கு 81, எங்களுக்கு 48. நாங்க விரும்பி ஏலம் எடுத்த நம்பரா அது? வீடு இருக்கற இடம் அப்படி. காவேரிப் பாலத்தைத் தாண்டி பொறந்ததுக்கு ஒரு வரியா!

இங்கயே ஒரு எச்சரிக்கை. எக்ஸ்-ஷோரூம் பத்து லட்சத்தை ஒட்டி இருந்தா ஜாக்கிரதை. 9,99,000-க்கு ஆயுள் வரி 1,29,870. 10,01,000-க்கு 1,80,180. ரெண்டாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு ஐம்பதாயிரத்துச் சொச்சம் கூட வரி. "மேல் மாடல் எடுங்க சார், கொஞ்சம்தான் வித்தியாசம்"னு சொல்லும்போது இதை யாரும் சொல்ல மாட்டாங்க. பத்து லட்சத்தைத் தாண்டினா 1 சதவீதம் டி.சி.எஸ். வேற புடிப்பாங்க. அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்குல நமக்கு வரவு. அதையும் நிறைய பேர் கேட்டு வாங்கறதில்லை.

மூணாவது வரி, இன்சூரன்ஸ். புது காருக்கு மூணு வருஷத்து மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். உச்சநீதிமன்றம் சொல்லி 2018 செப்டம்பர் 1-லேர்ந்து நடைமுறை. அதோட விலை எங்க வாங்கினாலும் ஒண்ணுதான். 2022 ஜூன்ல வந்த அட்டவணைப்படி 1000-லேர்ந்து 1500 சி.சி. வரைக்கும் மூணு வருஷத்துக்கு 10,640, வரி தனி. வித்தியாசம் வர்றது நம்ம சொந்த வண்டிக்கு ஆகற சேதத்துக்கான பாகத்துல. அதுல ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குத் தள்ளுபடி குடுக்கும். ஷோரூம்ல 49,500. அதே வண்டி, அதே காப்பீட்டுத் தொகை, அதே பம்பர்-டு-பம்பர். நான் ஸ்ரீரங்கம் வீட்டுத் திண்ணையில உக்காந்து போன்ல பாத்தப்ப 32,600. வித்தியாசம் 16,900.

"வெளிய எடுத்தா இங்க கேஷ்லெஸ் கிடைக்காது சார்." இது அடுத்த குண்டு. கேஷ்லெஸ்ங்கறது அந்த சர்வீஸ் சென்டரோட அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒப்பந்தம் இருக்காங்கறதைப் பொறுத்தது. யார் மூலமா வாங்கினோம்ங்கறதைப் பொறுத்தது இல்லை. கம்பெனியோட பட்டியல்ல பாத்துட்டு வாங்கினா போச்சு. டீலர்கள் இன்சூரன்ஸ் விக்கறதுக்குன்னே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டு வந்த நெறிமுறை 2017 நவம்பர்லேர்ந்து அமல்ல இருக்கு. அவங்க விக்கலாம், ஆனா எங்ககிட்டதான் எடுக்கணும்னு கழுத்துல கத்தி வெக்கக் கூடாது. தெளிவா இருக்கு.

நாலாவது, அக்சஸரீஸ் கிட். மிதியடி, மட் ஃப்ளாப், சீட் கவர், ஒரு வாசனை டப்பா, பின்னாடி தொங்கவிட ஒரு பிள்ளையார். பதினெட்டாயிரம். "இது இல்லாம வண்டி வராது சார், கம்பெனியே ஃபிட் பண்ணி அனுப்பறது." ஒரு பொருளை வாங்கணும்னா இன்னொண்ணையும் சேத்து வாங்கியே ஆகணும்னு சொல்றதுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல ஒரு பேரு இருக்கு. கட்டுப்படுத்தும் வணிக முறை. நியாய விலைக் கடையில சர்க்கரை வாங்கப் போனா உப்பு வாங்கு, டீ வாங்குன்னு தலையில கட்டினா நாம போடற சண்டை இருக்கே! அங்க உப்பு பாக்கெட்டுக்குச் சண்டை போட்டவங்கதான் இங்க பதினெட்டாயிரத்துக்கு வாயை மூடிக்கறோம்.

அஞ்சாவது, ஹேண்ட்லிங். குடோன்லேர்ந்து ஷோரூமுக்கு வண்டியை ஓட்டிட்டு வர்ற செலவாம். கடைக்காரர் தன் சரக்கைத் தன் கடைக்குக் கொண்டு வர்றதுக்கு நான் ஏன் கூலி குடுக்கணும்? அது விலைக்குள்ள வர வேண்டிய செலவு இல்லையா? ஆறாவது, கோட்டிங். புது வண்டியோட பெயிண்ட்டைக் காப்பாத்தறதுக்குன்னு ஒரு மெழுகு. புது வண்டி பெயிண்ட் அவ்வளவு மோசமா? அப்படின்னா அந்த வண்டியை ஏன் விக்கறீங்க?

கூட்டிப் பாருங்க. 11,500, 16,900, 18,000, 7,500, 6,500. மொத்தம் 60,400. பதினஞ்சாயிரத்தை வட்டம் போட்டுக் குடுத்துட்டு, அறுபதாயிரத்தை வட்டம் போடாம எடுத்துக்கிட்டாங்க. எங்கப்பா கத்தரிக்காய்ல பாத்த ஓட்டையை இங்க பாக்கலை. ஏன்னா இங்க காயைக் கையில குடுக்கவே இல்லை.

அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பாருங்க. எல்லா வரியும் சேத்து இவ்வளவுதான்னு அச்சடிச்சிருக்கும். ஒரு ரூபாய் கூட வித்தா அது குத்தம். சட்ட முறை எடையளவு விதிகள் அப்படி. பாக்கெட்டுல அடைச்சு விக்கற பொருளுக்கு மட்டும்தான் அந்த விதி. கார் பாக்கெட்டுல வர்றதில்லை. அதனால நம்ம வாழ்க்கையில வீட்டுக்கு அடுத்தபடியா வாங்கற பெரிய பொருளுக்கு, நீ கட்ட வேண்டிய மொத்தம் இவ்வளவுதான்னு அதோட உடம்புல எங்கயும் எழுதியிருக்காது.

எழுத முடியாதா? அமெரிக்காவுல 1958-லயே எழுதிட்டாங்க. மன்ரோனின்னு ஒரு ஓக்லஹோமா செனட்டர் கொண்டு வந்த சட்டம். ஒவ்வொரு புது காரோட கண்ணாடியிலயும் கம்பெனி ஒரு சீட்டு ஒட்டணும். அடிப்படை விலை எவ்வளவு, கூட வெச்ச சாமான் ஒவ்வொண்ணும் எவ்வளவு, டீலர்கிட்ட கொண்டு வந்து சேத்த போக்குவரத்துச் செலவு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு. வாங்கறவர் கைக்குப் போகற வரைக்கும் அதைக் கிழிச்சா தண்டனை. அந்தச் சீட்டுல இருக்கற விலைக்குத்தான் விக்கணும்னு கூடக் கிடையாது. கூட்டியும் விக்கலாம், குறைச்சும் விக்கலாம். ஆனா எங்கேர்ந்து கூட்டறே, எங்கேர்ந்து குறைக்கறேன்னு வாங்கறவனுக்குத் தெரியும். இங்கயும் முடியும். மெர்சிடிஸ் 2021-லேர்ந்து இந்தியாவுல கம்பெனியே நேரா வாடிக்கையாளருக்கு பில் போடுது. நாடு முழுக்க ஒரே விலை, டீலருக்குக் கமிஷன். கோடீஸ்வரருக்குக் கிடைக்கற தெளிவு உத்திர வீதி ரிட்டையர்டு ஆசாமிக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

"டீலர் பாவம் இல்லையா?"ன்னு ஒரு கட்சி வரும். வரட்டும், அதுல நியாயம் இருக்கு. புது கார் விக்கறதுல டீலருக்கு மிஞ்சறது ரொம்பக் கம்மி. அதைக் கூட்டிக் குடுங்கன்னு டீலர் கூட்டமைப்பான ஃபாடா பல வருஷமா கம்பெனிகளைக் கேட்டுக்கிட்டு இருக்கு. வண்டியைக் கம்பெனிகிட்ட முதல்லயே வாங்கி நிறுத்தணும். பேங்க் வட்டி தினம் ஓடும். விக்காத மாடலையும் எடுத்துத்தான் ஆகணும். 2025 ஜி.எஸ்.டி. மாத்தம் வந்தப்ப, பழைய ஸ்டாக்குக்கு முன்னாடியே கட்டின செஸ் வரவு, இனிமே செஸ்ஸே இல்லைன்னு ஆனதால கணக்குல அந்தரத்துல தொங்கிச்சு. அவங்க அரசாங்கத்துக்கிட்ட போய் முறையிட்டாங்க. எல்லாம் வாஸ்தவம்.

ஆனா ஐயா, உங்களுக்கு லாபம் வேண்டாம்னு யார் சொன்னது? உங்க சண்டை கம்பெனியோட. அங்க கேட்டுக் கிடைக்காததை எங்கப்பாகிட்ட 'இதர'ன்னு எழுதி வாங்கறது என்ன நியாயம்? லாபம் வேணும்னா லாபம்னு எழுதுங்க. 'எங்க சேவைக் கட்டணம் பத்தாயிரம்'னு பெரிய எழுத்துல எழுதி, சீல் வெச்சுக் குடுங்க. பிடிச்சா குடுப்போம், பிடிக்கலைன்னா அடுத்த கடை. ஆர்.டி.ஓ. பேரைச் சொல்லி, கம்பெனி பேரைச் சொல்லி, இன்சூரன்ஸ் பேரைச் சொல்லி வாங்காதீங்க. நீங்க சம்பாதிக்கறது தப்பில்லை. பேரை மாத்தி வெக்கறதுதான் தப்பு.

சரி, சனிக்கிழமை என்ன ஆச்சு?

அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். வழி பூரா "சண்டை போடாதடா, நல்ல பையன்"னு சொல்லிக்கிட்டே வந்தார். நான் சண்டை போடலை. ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "தள்ளுபடி வேண்டாம் சார், ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி பில் குடுங்க. ஜி.எஸ்.டி. நம்பரோட."

மந்திரம் மாதிரி இருந்துது. ஹேண்ட்லிங்குக்கு பில் கேட்டதும் பையன் உள்ள போனான், பத்து நிமிஷம் கழிச்சு மேனேஜர் வந்தார், "உங்களுக்காக அதை எடுத்துடறேன்"னார். எனக்காக எதுக்கு எடுக்கணும், பில் இருந்தா நான் கட்டறேனே? சிரிச்சார். கம்பெனியே மாட்டி அனுப்பறதா சொன்ன கிட், அன்னிக்கு வரைக்கும் வண்டியிலயே இல்லை. போச்சு. கோட்டிங் போச்சு. இன்சூரன்ஸ் நானே எடுத்துக்கிட்டேன். அதுக்குப் பதிலா ஆஃபரை 15,000-லேர்ந்து 8,000-க்குக் குறைச்சாங்க. ரெஜிஸ்ட்ரேஷன்ல மட்டும் அசையலை. கடைசியில 1,06,000-ல நின்னாங்க. இந்த விஷயத்துல நான் தோத்தேன்னு ஒத்துக்கறேன். அலுவலக ரசீதை வாங்கிப் பாத்தப்பதான் வயிறு எரிஞ்சுது.

கடைசிக் கணக்கு 8,81,200. முதல்ல சொன்னது 9,31,100. தள்ளுபடி பாதியாக் குறைஞ்சுது, காசு 49,900 மிஞ்சிச்சு. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேணுமா?

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். வெளிய வந்ததும் நான் எதிர்பார்த்தது, "சபாஷ்டா". அப்பா ஒண்ணும் பேசலை. கொள்ளிடக்கரை காத்து வாங்கினாலும் குறையாத ஒரு இறுக்கம். காவேரிப் பாலம் தாண்டினப்புறம் சொன்னார். "அந்தப் பையனுக்கு இன்சூரன்ஸ் வித்தாதான் இன்சென்டிவாம்டா. லால்குடிலேர்ந்து தினம் வந்து போறான். தங்கச்சிக்குக் கல்யாணம் வெச்சிருக்கான். அன்னிக்கே எங்கிட்ட சொன்னான்."

எனக்கு சுருக்குன்னு இருந்துது. அப்ப அப்பா ஏமாறலை. பாதி தெரிஞ்சேதான் விட்டிருக்கார். மீதிப் பாதி கூச்சம். மார்க்கெட்ல பேரம் பேசினா கெட்டிக்காரன், ஏசி ஷோரூம்ல கேள்வி கேட்டா கஞ்சப்பயல்னு நெனச்சுடுவாங்களோங்கற கூச்சம். இந்தக் கூச்சத்துலதான் இந்த வியாபாரமே ஓடுது. அந்தப் பையனோட சம்பளத்தை நேரா குடுக்காம, எங்கப்பா தலையில கட்டற பதினேழாயிரத்துல ஒரு துணுக்கைக் கிள்ளிப் போட்டு வேலை வாங்கறாங்க. ஏமாத்தத் தெரிஞ்சாதான் தங்கச்சி கல்யாணம் நடக்கும்ங்கற நிலைமையில ஒரு இருபத்திரண்டு வயசுப் பையனை நிறுத்தினது நான் இல்லை, எங்கப்பாவும் இல்லை. அந்த வெள்ளைத் தாள்.

அதனால மக்களே, கார் வாங்கப் போறவங்க இதை மட்டும் செய்யுங்க.

1. வெள்ளைத் தாள் கொட்டேஷனுக்கு ஒரு பைசா முன்பணம் கட்டாதீங்க. பேரு, சீல், தேதி, ஒவ்வொரு தொகையும் தனி வரி. 'அண்டு இதர' இருந்தா திருப்பிக் குடுங்க.

2. ஆயுள் வரியை நீங்களே சதவீதம் போட்டுப் பாருங்க. வரியும் கட்டணமும் வாகன் தளத்துல கட்டறாங்க, ரசீது வரும். ரசீதுல இருக்கறதைத்தான் தருவேன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. (நான் பின்னாடி கேட்டுத்தான் தோத்தேன்.)

3. இன்சூரன்ஸுக்கு ரெண்டு மூணு இடத்துல விலை கேளுங்க. காப்பீட்டுத் தொகையும் கூடுதல் அம்சங்களும் ஒண்ணா இருக்கான்னு பாத்து ஒப்பிடுங்க. பதினஞ்சு லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்களுக்கு ஏற்கனவே இருந்தா, அதுக்கு மறுபடி காசு கட்ட வேண்டாம்.

4. படிவம் 21, அதாவது விற்பனைச் சான்றிதழ்ல, வண்டி தயாரான மாசமும் வருஷமும் இருக்கும். போன வருஷத்து வண்டியை இந்த வருஷத்து விலைக்கு வாங்காதீங்க.

5. மீறி அடாவடி பண்ணினா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையம் திருச்சியிலயும் இருக்கு. போகணும்னு அவசியம் வராது. பில் கேட்டாலே பாதி வேலை முடிஞ்சுடும்.

கடைசியா ஒண்ணு. வண்டி வந்துது. டி.என். 48. எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, அம்மாவை முன் சீட்டுல உக்கார வெச்சு அப்பா சமயபுரம் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வந்தார். சாயங்காலம் பீரோவுல பில்லெல்லாம் அடுக்கும்போது பாத்தா, அந்த நீலப் பேனா தாளையும் மடிச்சு உள்ள வெச்சிருக்கார்.

"இது எதுக்குப்பா? தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"இருக்கட்டும்டா. அடுத்தாத்துக்காரர் பையனும் கார் வாங்கப் போறானாம். காட்டணும்."

பி.கு: உங்ககிட்டயும் அந்த மாதிரி வெள்ளைத் தாள் இருந்தா பேரு ஊரை மறைச்சுட்டு உங்க பதிவுல போடுங்க. மதுரையில 'இதர' எவ்வளவு, கோவையில எவ்வளவுன்னு ஒப்பிட்டுப் பாப்போம். ஒரு விலைப்பட்டியலைக் கம்பெனி ஒட்டலைன்னா நாமளே ஒட்டிடலாம்.